அமெரிக்க சுதந்திரப் போர் மேப்: நீங்க கேட்டதுக்கெல்லாம் பதில்

1775 முதல் 1783 வரை நடந்த போரோட செப்புத்தகட்டு மேப்களை (செம்புத் தகட்டுல செதுக்கி, மை தடவி அச்சடிச்சதை) பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க, முடிஞ்ச வரைக்கும் எல்லாத்துக்கும் சொல்லிடறேன்.

கேள்வி: சார், ஜெயிச்சது அமெரிக்கா. ஆனா பாக்குற மேப்ல எல்லாம் கீழ லண்டன்னு போட்டிருக்கே?

ஆமா, கைக்கு வர்றதுல பெரும்பாலும் தோத்த பக்கம் போட்டதுதான். சர்வே தெரிஞ்ச ராணுவ எஞ்சினியர்ங்க, தகடு செதுக்குறவங்க, காசு குடுத்து வாங்குறவங்கன்னு எல்லாரும் பிரிட்டிஷ் பக்கம்தான் ஜாஸ்தி. லண்டன்ல மேப் போட்டு வித்த தாமஸ் ஜெஃப்ரீஸ் 1771ல இறந்தப்புறம் அவர் தொழிலை எடுத்து நடத்தின வில்லியம் ஃபேடன், களத்துல ஆபீசர்ங்க வரைஞ்சதை வாங்கி லண்டன் சேரிங் கிராஸ் கடையில மேப்பா போட்டு வித்தார். அமெரிக்கப் பக்கம்னா எனக்கு உசுரு அமெரிக்க ராணுவ ஆபீசர் செபாஸ்டியன் பாமனோட யார்க்டவுன் மேப். 1781 அக்டோபர் 19ல பிரிட்டிஷ் படை அங்க சரண்டர், 22லயே மனுஷன் அளக்க ஆரம்பிச்சுட்டார், 1782ல பிலடெல்பியால அச்சாச்சு. அது கிடைக்குறது ரொம்ப ரொம்ப அபூர்வம்.

கேள்வி: அண்ணா, பங்கர் ஹில் மேப் மேல ஒரு துண்டுப் பேப்பர் ஒட்டியிருக்கு. யாரோ ரிப்பேர் பண்ணதா? எடுத்துடலாமா?

ஐயோ தொடாதீங்க! அந்த மேப்போட உயிரே அதுதான். பங்கர் ஹில்ங்கிறது பாஸ்டன் பக்கத்துல நடந்த சண்டை. பிரிட்டிஷ் ஆபீசர் லெப்டினன்ட் பேஜ் வரைஞ்ச அந்த மேப்ல, சண்டையோட ஒரு கட்டம் அடியில இருக்கும், அடுத்த கட்டம் மேல ஒட்டின அந்தத் துண்டு மடிப்புல இருக்கும், தூக்கித் தூக்கிப் பாத்தா படை நகர்றது கண்ணு முன்னாடி தெரியும். சரடோகால தோத்த பிரிட்டிஷ் ஜெனரல் பர்கோயின் 1780ல போட்ட புஸ்தகத்துல இருக்குற சரடோகா பக்கத்து மேப்லயும் இதே வேலை இருக்கு. நிறைய காப்பில மடிப்பு பிஞ்சு தொலைஞ்சிருக்கும், அதனால வாங்குறப்ப முதல்ல கேக்க வேண்டியதே அதைத்தான். இன்னொண்ணு, பங்கர் ஹில், பிரீட்ஸ் ஹில் ரெண்டு குன்றோட பேரும் அந்த மேப்ல இடம் மாறியிருக்கு. அதைப் பாத்துட்டு டூப்ளிகேட்னு நினைச்சுடாதீங்க, ஒரிஜினல்லயே அப்படித்தான். 1775 ஜூன் 17 அன்னிக்கு ஒரே நாள்ல பிரிட்டிஷ் பக்கம் ஆயிரத்துக்கு மேல செத்தும் காயப்பட்டும் போனாங்க, மேப்ல படையைக் குறிக்கிற அந்தச் சின்னச் சின்னப் பெட்டிகளைப் பாக்குறப்ப அது மனசுல இருக்கணும்.

கேள்வி: ஒரிஜினலான்னு வீட்லயே பாக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். தகட்டை அழுத்தி அச்சடிச்சதால படத்தைச் சுத்தி ஒரு பள்ளக் கோடு இருக்கும், வெட்டிட்டா தெரியாது. லென்ஸ்ல பாத்தா கோடு கோடா மை லேசா மேடாத் தெரியணும், புள்ளி புள்ளியாத் தெரிஞ்சா அது இந்தக் காலத்து பிரிண்ட். வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா அந்தக் காலத்துப் பேப்பர்ல பெரும்பாலும் சமமான இடைவெளில கம்பிக் கோடு தெரியும். நடுவுல மடிச்ச தடம் இருந்தா பயப்படாதீங்க, நிறைய மேப் புஸ்தகத்துக்குள்ள இருந்து வந்ததுதான்.

கேள்வி: கீழ போட்டிருக்குற தேதியை நம்பலாமா?

பாதிதான். 1735 பிரிட்டிஷ் சட்டப்படி தகட்டுல உரிமையாளர் பேரும் தேதியும் போட்டாத்தான் காப்பிரைட், அது வெளியிட்ட தேதி. அதே தகட்டுல பல வருஷம் கழிச்சும் அடிப்பாங்க, உங்க பேப்பர் எப்ப அச்சானதுன்னு அது சொல்லாது.

கேள்வி: யார்க்டவுன்ல தோத்த காரன்வாலிஸும் நம்ம ஊர் காரன்வாலிஸும் ஒண்ணா?

ஒரே ஆள்தான். 1786ல இங்க கவர்னர் ஜெனரலா வந்து 1792ல திப்புவை ஸ்ரீரங்கப்பட்டணத்துல மடக்கினார். சிலை சென்னை கோட்டை மியூசியத்துல நிக்குது.

கேள்வி: லேமினேட் பண்ணி மாட்டலாமா அக்காவுக்கு கிஃப்ட் குடுக்க?

தயவு செஞ்சு வேணாம்பா. லேமினேஷனும் செல்லோ டேப்பும் ஒட்டுனா அதோட முடிஞ்சுது. அமிலம் இல்லாத அட்டை வெச்சு, கண்ணாடி பேப்பர் மேல படாம ஃப்ரேம் போடச் சொல்லுங்க, வெயில் படாத சுவரா பாத்து மாட்டச் சொல்லுங்க, கையால தீட்டின கலர் வெயில்ல வெளுத்துப் போயிடும்.