ஏற்காட்டில் பூத்த நிஷாகந்தி சேலம் மாடியில் மொட்டு உதிர்ப்பது ஏன்?

கேள்வி: ஏற்காட்டில் சொந்தக்காரர் வீட்டிலிருந்து கொண்டுவந்த பிரம்ம கமலம், அம்மாபேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் மூன்று வருடமாக இருக்கிறது. இலை மஞ்சளடிக்கிறது. போன ஆவணியில் வந்த இரண்டு மொட்டும் உதிர்ந்துவிட்டன. என்ன செய்யலாம்?

பதில்: உங்களிடம் இருப்பது நிஷாகந்தி. அசல் பிரம்ம கமலம் இமயமலைச் செடி, சேலத்தில் பிழைக்காது. நிஷாகந்தியோ மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளில் மரக்கிளையைத் தொற்றி வளரும் கள்ளி. இலை என்று நாம் சொல்வதெல்லாம் தட்டைத் தண்டுதான்.

சுமார் 1,500 மீட்டர் உயர ஏற்காட்டில் சில்வர் ஓக் நிழலும் பனிமூட்டமும் அதற்குப் பிறந்த வீடு மாதிரி. 300 மீட்டர்கூட இல்லாத சேலத்தில், மொட்டை மாடி வெயிலில் தண்டு வெளுக்கத்தான் செய்யும். காலை ஒன்பது மணி வரை வெயில் படும் கிழக்குப் பக்கம் வையுங்கள். இடமில்லையென்றால் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். அதற்காக வீட்டுக்குள் இருட்டில் வைத்தால் தண்டுதான் நீளும், பூ வராது.

தொட்டி எட்டு அங்குலம் போதும். வேர் சற்று நெருக்கமாக இருந்தால் நன்றாகப் பூக்கும். செம்மண், மட்கிய தொழுவுரம், தேங்காய் மட்டைத் துண்டு மூன்றும் சமபங்கு, ஒரு கை செங்கல் ஜல்லி. வெறும் செம்மண் இறுகி வேரை அழுக வைக்கும்.

இனி மொட்டு. தண்டின் ஓர வெட்டில் எள்ளளவு செம்பொட்டாகத் தலைகாட்டும். விரிய மூன்று, நான்கு வாரம் பிடிக்கும். அந்த நாட்களில் தொட்டியை நகர்த்தக் கூடாது, திருப்பிக்கூட வைக்கக் கூடாது. மண்ணைக் காயப்போட்டு, பிறகு ஒரேயடியாகத் தண்ணீர் கொட்டினால் காம்பு மஞ்சளாகிக் கழன்றுவிடும். பெரும்பாலும் உங்கள் மொட்டுகள் போனதும் இப்படித்தான். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்ததும் நனையும் அளவுக்கு ஊற்றுங்கள். போர் தண்ணீர் உப்பென்றால் மேட்டூர் தண்ணீரோ மழைநீரோ நல்லது.

யூரியா, கடலைப்புண்ணாக்குக் கரைசலை நிறுத்துங்கள். தண்டு கொழுக்கும், மொட்டு வராது. வைகாசியிலிருந்து 15 நாளுக்கு ஒருமுறை 0:52:34 உரம் (தழைச்சத்து இல்லாமல் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மட்டும் உள்ளது) லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் போதும். மொட்டு தெரிந்ததும் அதையும் விட்டுவிடலாம். மார்கழி, தை மாதங்களில் தண்ணீரைக் குறைப்பது அவசியம்.

தொங்கும் மொட்டு கொக்கிபோல் வளைந்து, நுனி பருத்தால் அன்றிரவு விரியும். எட்டு மணிக்கே விரியத் தொடங்கிவிடும், விடிவதற்குள் வாடிவிடும். பூ முடிந்ததும் காம்பை மட்டும் கிள்ளுங்கள். அழகாக இல்லையென்று பழைய தண்டை வெட்டுபவர்கள் உண்டு. அடுத்த வருடப் பூவும் அதில்தான்.