சோள மணியில் நாவல் நிறப் புள்ளி: பூஞ்சணமா, பரம்பரையா?

கேள்வி: ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட எங்கள் வளவில், அண்ணா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த நிறச் சோளம் ஒரு பிடி ஊன்றினேன். பொத்தியை உரித்தால் மஞ்சள் மணிகளில் நாவல் நிறப் புள்ளிகள். ஒரு மணி பாதி கறுப்பு. பூஞ்சணம் என்று அம்மா பிள்ளைகளைத் தொட விடவில்லை. பக்கத்து வீட்டு மாமா 'மரபணு மாற்றின விதை' என்கிறார். அவித்துச் சாப்பிடலாமா? விதைக்கு எடுக்கலாமா? படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: சாப்பிடலாம், விதைக்கும் எடுக்கலாம். ஆனால் மூன்றாவது படத்தில் இருக்கும் நான்கு மணிகளைத் தொட வேண்டாம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அம்மாவின் பயம். ஒரு புள்ளி மணியை இளஞ்சூடான தண்ணீரில் இரவு ஊறவிட்டு, காலையில் நகத்தால் தோலை உரித்துப் பாருங்கள். கண்ணாடித்தாள் போல மெல்லிய தோல் கழன்று வரும்; புள்ளி மணியிலேயே நிற்கும். தோலுக்குக் கீழே ஒரேயொரு கல அடுக்கு இருக்கிறது, நிறம் அதற்குள்தான். நாவல்பழத்துக்கும் கத்தரிக்காய்த் தோலுக்கும் நிறம் கொடுக்கும் அந்தோசயனின் வகைச் சாயம்தான் இதுவும். பூஞ்சணம் என்றால் பெரும்பாலும் தூள் தூளாகக் கையில் ஒட்டும், மணியின் அடிமுனையில் கூடுதலாக இருக்கும், புழுங்கல் மணமும் வரும்.

அப்படியானால் சாயம் ஏன் மணி முழுக்கப் பரவாமல் புள்ளியாக நிற்கிறது? இந்தக் கேள்வியைச் சோளப் பொத்தியிடமே கேட்டு விடை கண்டவர் பரம்பரையியல் விஞ்ஞானி பார்பரா மக்ளின்டொக். 1940களில் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுகூடத்தில் தானே சோளம் பயிரிட்டு, மணி மணியாகப் பார்த்தார். நிறமூர்த்தத்தில் (கலத்துக்குள் பரம்பரைச் செய்தியான டீஎன்ஏயைச் சுமக்கும் இழையில்) சில டீஎன்ஏ துண்டுகள் ஓரிடத்தில் நிற்பதில்லை, கழன்று வேறிடத்தில் போய்ச் செருகிக்கொள்கின்றன என்று கண்டார். 1950இல் எழுதினார், நோபல் பரிசு 1983இல்தான் வந்தது, அப்போது அவருக்கு 81 வயது.

உங்கள் மணியில் நடந்ததும் இதுதான். சாயம் செய்யும் பரம்பரையலகின் (மரபணுவின்) நடுவில் ஒரு துண்டு வந்து குந்தியிருக்கிறது. அதனால் சாயம் இல்லை, மணி மஞ்சள். மணி வளரும்போது ஏதோ ஒரு கலத்தில் அந்தத் துண்டு கழன்று போகிறது. அந்தக் கலத்துக்கும் அதிலிருந்து பிரிந்த கலங்களுக்கும் சாயம் செய்யும் வல்லமை திரும்பி வருகிறது. ஆரம்பத்திலேயே கழன்றால் கலங்கள் பல மடங்கு பெருகி அரை மணி கறுக்கும். கடைசி நேரத்தில் கழன்றால் ஊசிமுனையளவு பொட்டு. புள்ளியின் பருமனைப் பார்த்தே துண்டு எப்போது கழன்றது என்று சொல்லிவிடலாம். பொத்தியை வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். பரம்பரையியலை இவ்வளவு தெளிவாகக் கண்ணால் பார்க்கக் கிடைப்பது அபூர்வம்.

துண்டு கழன்று போக, அதை வெட்டியெடுக்கும் ஒரு நொதியம் (கலத்தில் வேலை செய்யும் புரதம்) வேண்டும். சில துண்டுகள் அதைத் தாமே செய்யும். மற்றவை, அப்படியொரு துண்டு அதே கலத்தில் இருந்தால்தான் அசையும். ஒன்றையும் சொல்ல வேண்டும்: சாயப் பரம்பரையலகு மகரந்தம் வழியாக மட்டும் வந்தாலும் சில நிறச் சோளங்களில் மணி திட்டுத் திட்டாகத் தெரியும், அதில் எதுவும் தாவுவதில்லை. உங்கள் படத்தில் புள்ளிகளின் கரை வெட்டினது போல இருப்பதால், தாவும் துண்டு என்றே எடுக்கிறேன்.

மாமாவுக்கு: இது ஆய்வுகூடத்தில் யாரும் புகுத்தியது இல்லை, சோளத்தின் சொந்தக் குணம். சோளத்தின் முழு டீஎன்ஏயில் ஏறக்குறைய 85 வீதம் இப்படியான துண்டுகளும் அவற்றின் எச்சங்களும் என்று 2009இல் வெளியான சோள டீஎன்ஏயின் எழுத்து வரிசை காட்டியது. மனிதரில் கிட்டத்தட்டப் பாதி. சோளத்தின் காட்டு மூதாதை பற்றையாகக் கிளைவிடும் புல். ஒரு பரம்பரையலகுக்கு முன்னால் ஒரு துண்டு புகுந்ததும், அந்தப் புல் ஒற்றைத் தண்டுப் பயிரானதற்கு ஒரு காரணம். சாப்பிட்டால் நம் உடம்புக்குள் தாவுமோ என்று பயப்பட வேண்டாம்; சோற்றில் உள்ள டீஎன்ஏ போல இதுவும் செமித்துவிடும்.

இத்தனை துண்டுகளும் ஒரேயடியாகத் தாவினால் செடி பிழைக்காது. அதனால் கலம் அவற்றைப் பூட்டி வைக்கிறது. துண்டிலிருந்தே கிடைக்கும் 24 எழுத்து நீளமான குட்டி ஆர்என்ஏக்கள் (டீஎன்ஏயிலிருந்து எடுக்கும் நகல்கள்) துண்டு இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும், அந்த இடத்தில் மெதைல் என்ற சிறு வேதி முத்திரை குத்தப்படும், துண்டு உறங்கிவிடும். செடி பெருகும்போது அந்த முத்திரையும் பெரும்பாலும் கூடவே போகும். எப்போதாவது அது தளர்ந்தால் துண்டு மறுபடி விழிக்கும்.

விதைக்கு எடுப்பவருக்கு இது முக்கியம். அடுத்த போகத்தில் சில பொத்திகளில் புள்ளி இல்லாமலே போகலாம், பிறகொரு தலைமுறையில் திரும்பவும் வரலாம். சில மணிகள் முழுக் கறுப்பாக வரும். விதை கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். புள்ளி மணி, மஞ்சள் மணி, முழு நிற மணி என்று மூன்று போத்தலில் பிரித்து வைத்து, தனித்தனி வரிசையில் ஊன்றுங்கள். கலப்பினச் சோளம் பக்கத்தில் இருந்தால் காற்றில் மகரந்தம் வந்து கலக்கும். 200 மீற்றராவது தள்ளி ஊன்ற வேண்டும், வளவில் இடமில்லையென்றால் மூன்று, நான்கு கிழமை முன்பின்னாக ஊன்றலாம். அப்புறம், அண்ணாவிடம் சொல்லுங்கள்: வெளிநாட்டு விதையை அனுமதி இல்லாமல் கொண்டுவருவது சட்டப்படி பிழை, புது நோயும் கூடவே வரலாம்.

இனி அந்த நான்கு மணிகள். உச்சியிலிருந்து வெள்ளைக் கோடுகள் நட்சத்திரம் போலப் பிரிந்து ஓடுகின்றன. அது பியூசேரியம் பூஞ்சணத்தின் அடையாளம், அந்த இடத்தில் அம்மா சொன்னது சரி. பூஞ்சண நஞ்சு அவித்தாலும் வறுத்தாலும் முழுதாகப் போகாது. அந்த மணிகளைக் கோழிக்கும் போடாமல் புதைத்துவிடுங்கள். மிச்சப் பொத்தியைப் பல்லில் கடித்தால் டக்கென்று உடையும் வரை வெயிலில் காயவிட்டு, அதன்பிறகு போத்தலில் போடுங்கள்.