தோழிகள் நான் பேசும்போது குறுக்கிடுவதில்லை. புதியவர்கள் பாதியில் புகுந்து பேசுவது என் பதற்றத்தாலா, நான் பெண் என்பதாலா?

இரண்டும் இருக்கலாம். எந்த இடத்தில் புகுகிறார்கள் என்று பார்த்தால் பிரித்துவிடலாம்.

ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளியை 2009இல் 10 மொழிகளில் அளந்தார்கள். சராசரி சுமார் 0.2 நொடிதான். பதற்றத்தில் சொல் தேடி நீங்கள் ஒரு நொடி நின்றாலே, பழக்கமில்லாதவருக்கு முடித்துவிட்டது போலத் தோன்றும். தோழிகளுக்கு உங்கள் நிறுத்தம் பழகியிருக்கும், அதனால்தான் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

அடுத்த முறை அனுமதி கேட்டு, பத்து நிமிடப் பேச்சைப் பதிவு செய்து கேளுங்கள். நிறுத்தத்தில் புகுந்திருந்தால், வினைமுற்றில் நிற்காதீர்கள். "போனேன்" என்று நின்றால் வாக்கியம் முடிந்துவிடும், "போய்..." என்று இழுத்தால் பாக்கி இருப்பது தெரியும். சொல்லுக்கு நடுவிலேயே வெட்டியிருந்தால் அது உங்கள் தவறே இல்லை. "இருங்க, முடிச்சிடறேன்" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

பெண் என்பதாலா என்ற கேள்விக்கு ஒன்று: 1975இல் ஜிம்மர்மன், வெஸ்ட் என்ற ஆய்வாளர்கள் கலிபோர்னியாவில் பதிவு செய்த ஆண்-பெண் உரையாடல்களில் 48 குறுக்கீடுகளில் 46 ஆண்களுடையவை. ஆனால் அவை சில உரையாடல்கள்தான். பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது வித்தியாசம் சிறிதாகவே இருந்தது. அப்புறம், நீங்கள் பேசும்போது வரும் "ஆமா, ஆமா"வைக் குறுக்கீடாக எண்ணாதீர்கள்.