கிளிக் 2,000, கமிஷன் 54 ரிங்கிட்: பணம் எங்கே போனது?

பிறையில் தொழிற்சாலை வேலை பார்க்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்:

"ஷாப்பியில் அஃபிலியேட்டாக, அதாவது என் லிங்க் வழியாக யாராவது வாங்கினால் கமிஷன் கிடைக்கும் திட்டத்தில், சேர்ந்து, சமையலறைச் சாமான்களின் லிங்குகளை என் முகநூல் பக்கத்தில் போட்டு விளம்பரம் கொடுத்தேன். எல்லாம் 60, 70 ரிங்கிட் சாமான்கள். கமிஷன் 4% அளவில் வந்தது. 3 வாரத்தில் 600 ரிங்கிட் போட்டேன். முகநூல் விளம்பரக் கணக்கைக் காட்டும் ஆட்ஸ் மேனேஜரில் 2,000 கிளிக் காட்டுகிறது. ஷாப்பி டேஷ்போர்டில் 1,240தான் இருக்கிறது. 26 ஆர்டரில் 5 ரத்தாகிவிட்டது. கைக்கு வந்தது 54 ரிங்கிட் 60 சென். தீபாவளிக்கு முன்னால் இன்னும் 1,000 ரிங்கிட் போட்டுப் பார்க்கலாமா, இல்லை விட்டுவிடலாமா?"

அந்த 1,000 ரிங்கிட்டை இப்போது போடாதீர்கள். விட்டுவிடவும் வேண்டாம். உங்கள் எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், கோளாறு நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை.

முதல் விஷயம், நீங்கள் செலவழித்தது 600 இல்லை. வெளிநாட்டு நிறுவனங்கள் தரும் டிஜிட்டல் சேவைகளுக்கு 2020 ஜனவரி 1 முதல் இங்கே சேவை வரி உண்டு. 2024 மார்ச் 1 முதல் அது 8%. முகநூலின் தாய் நிறுவனமான மெட்டா அதையும் சேர்த்துத்தான் கார்டில் எடுக்கும். ஆக 648 ரிங்கிட். அதை உறுதியான 21 ஆர்டரால் வகுத்தால், ஓர் ஆர்டரைப் பிடிக்க 30 ரிங்கிட் 86 சென் ஆகியிருக்கிறது. அந்த ஆர்டர் உங்களுக்குத் தந்தது 2 ரிங்கிட் 60 சென்.

இரண்டாவது விஷயம் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். கடைக்குப் போன 1,240 பேரில் 21 பேர் வாங்கியிருக்கிறார்கள். 59 பேருக்கு ஒருவர், அதாவது 1.7%. விளம்பரத்திலிருந்து நேராகக் கடை லிங்குக்கு அனுப்பியதற்கு இது குறை சொல்லக்கூடிய எண் அல்ல. உங்கள் படமும் எழுத்தும் ஒழுங்காகவே வேலை செய்திருக்கின்றன. சறுக்கியது பொருளைத் தேர்ந்தெடுத்ததில். 65 ரிங்கிட் சாமானுக்கு 4% கமிஷனை வைத்துக்கொண்டு காசு கொடுத்து ஆள் கூட்ட முடியாது. குடும்பக் குழுவில் இலவசமாகப் பகிர்ந்து வரும் 2.60 லாபம்தான், 30 ரிங்கிட் விளம்பரம் கொடுத்து வாங்கிய 2.60 நட்டம். விளம்பரத்தை எவ்வளவு திருத்தினாலும் இந்தக் கணக்கு மாறாது. கிளிக் விலை பாதியாகக் குறைந்தால்கூட ஓர் ஆர்டருக்கு 15 ரிங்கிட்டுக்கு மேல் ஆகும்.

விளம்பரம் போடும் முன்பே தாளில் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்றுதான். ஓர் ஆர்டரின் கமிஷனை, 100 பேரில் எத்தனை பேர் வாங்குவார்கள் என்ற எண்ணால் பெருக்கி, 100ஆல் வகுங்கள். ஒரு கிளிக்குக்கு நீங்கள் அதிகபட்சம் கொடுக்கக்கூடிய விலை அதுதான். உங்கள் கணக்கில் அது 4 சென்னுக்குக் கொஞ்சம் மேல். நீங்கள் கொடுத்ததோ, கடையை எட்டிய கிளிக்குக்கு 52 சென்.

இதையே 480 ரிங்கிட் விலையுள்ள ஒரு டேபிள்டாப் கிரைண்டருக்குப் போட்டுப் பாருங்கள். கமிஷன் 6% என்று வைத்துக்கொண்டால் 28 ரிங்கிட் 80 சென். அதே 1.7% பேர் வாங்கினால் கிளிக்குக்கு 49 சென் வரை தாங்கும். ஆனால் திட்டத்தின் நிபந்தனையில் 'ஓர் ஆர்டருக்கு உச்சவரம்பு' என்று ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வரம்பு 20 ரிங்கிட் என்றால் 34 சென்னாக இறங்கிவிடும். புதியவர்கள் சதவீதத்தை மட்டும் படித்துவிட்டு இந்த வரியைத் தாண்டிப் போவதைத்தான் அதிகம் பார்க்கிறோம். இன்னொன்று: விலை கூடிய பொருளை முதல் தடவை பார்த்ததும் வாங்குவோர் குறைவு. 1.7% என்பது 1%க்கும் கீழே போகலாம். அதற்குத்தான் நடுவில் ஒரு பக்கம் வேண்டும். அதற்கு முன், ஆட்ஸ் மேனேஜரின் 2,000க்கும் ஷாப்பியின் 1,240க்கும் இடையில் குறையும் அந்த 760 கிளிக்கைப் பார்த்துவிடுவோம்.

காணாமல் போன 760 கிளிக்

ஆட்ஸ் மேனேஜரில் நீங்கள் பார்த்தது அநேகமாக 'கிளிக்ஸ் ஆல்' என்ற பத்தி. படத்தைப் பெரிதாக்கியது, 'மேலும் படிக்க' தட்டியது, லைக் போட்டது எல்லாம் அதில் சேரும். பத்திகளை மாற்றி 'லிங்க் கிளிக்ஸ்', 'லேண்டிங் பேஜ் வியூஸ்' இரண்டையும் கொண்டுவாருங்கள். இரண்டாவது எண் வர, பக்கத்தில் மெட்டா பிக்சல் (வருபவர் என்ன செய்கிறார் என்று மெட்டாவுக்குச் சொல்லும் சிறு நிரல்) இருக்க வேண்டும். ஷாப்பி, லாசாடா பக்கங்களில் ஓர் அஃபிலியேட் தன் பிக்சலைப் போட முடியாது. அதனால் வாங்கியது யார் என்று மெட்டாவுக்குத் தெரியவே தெரியாது. அது பார்ப்பது யார் தட்டுகிறார் என்பதை மட்டும். ஆகவே தட்டுவதையே பழக்கமாக வைத்திருப்பவர்களிடம் உங்கள் விளம்பரத்தைக் கொண்டுபோய்க் காட்டும். 'டிராஃபிக்' நோக்கத்தில் மலிவான கிளிக் கிடைப்பதன் காரணம் இதுதான்.

பிளேஸ்மென்ட்டை, அதாவது விளம்பரம் தோன்றும் இடத்தை, தானாகத் தேர்ந்தெடுக்க விட்டிருந்தால் இன்னும் ஒரு கசிவு உண்டு. ஆடியன்ஸ் நெட்வொர்க் என்பது மற்றவர்களின் கேம்களிலும் செயலிகளிலும் உங்கள் விளம்பரத்தைக் காட்டும் இடம். அங்கே குழந்தை விரல் பட்டாலும் கிளிக்தான். விளம்பரத் தொகுதியில் (ஆட் செட்) 'மேனுவல்' எடுத்து அதை நிறுத்திவிட்டு, முகநூல், இன்ஸ்டாகிராம் ஃபீடும் ரீல்ஸும் மட்டும் வைத்துத் தொடங்குங்கள்.

அடுத்து, உங்கள் கைப்பேசியிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். விளம்பரத்தைத் தட்டினால் ஷாப்பி செயலி திறக்கிறதா, அல்லது முகநூலுக்குள்ளேயே இருக்கும் பிரௌசரில் லாகின் கேட்டு நிற்கிறதா? ஆண்ட்ராய்டு ஒன்று, ஐபோன் ஒன்று, இரண்டிலும் பார்க்க வேண்டும். உள் பிரௌசரில் நின்றுவிட்டால் பலர் அதை மூடிவிட்டு, பிறகு தாங்களாகச் செயலியைத் திறந்து தேடி வாங்குவார்கள். விற்பனை நடக்கும், கமிஷன் உங்களுக்கு வராமல் போகலாம். வாடிக்கையாளர் இடையில் வேறொருவரின் லிங்கைத் தட்டிவிட்டாலும் கடைசி லிங்குக்கே கமிஷன் போவதுதான் பொதுவான வழக்கம்.

ஒவ்வொரு விளம்பரத்துக்கும் தனி சப் ஐடி (லிங்கோடு நீங்கள் சேர்க்கும் அடையாளப் பெயர்) போட்டு லிங்க் எடுங்கள். படம் ஒன்று, வீடியோ ஒன்று என்று இரண்டு ஓடினால் 'padam1', 'video1' போல இரண்டு லிங்க். இது இல்லாமல் 21 ஆர்டர் எந்த விளம்பரத்தால் வந்தது என்று சொல்ல வழியே கிடையாது.

மொழித் தேர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழர்களுக்குத்தான் போக வேண்டும் என்று அமைப்பில் மொழி 'தமிழ்' என்று பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். பட்டர்வொர்த்திலும் கிள்ளானிலும் நம் ஆட்களில் பெரும்பாலோர் கைப்பேசியை ஆங்கிலத்திலோ மலாயிலோ வைத்திருக்கிறார்கள். தமிழைத் தேர்ந்தெடுத்தால் அவர்களில் பலர் கழிந்துபோவார்கள். மொழிப் பெட்டியைக் காலியாக விடுங்கள். விளம்பரத்தில் பேசுவதும் எழுதுவதும் தமிழில் இருந்தால் தமிழ் தெரிந்தவர்தான் நின்று பார்ப்பார். மெட்டா அதைப் பார்த்தே கற்றுக்கொள்ளும். நாட்டில் இந்தியர் மொத்தம் ஏறக்குறைய 20 லட்சம் பேர்தான் என்பதால் பினாங்கோடு நிற்காமல் சுங்கை பட்டாணி, ஈப்போ, கிள்ளான், கோலாலம்பூர் என்று விரித்து வையுங்கள். சின்ன வட்டத்துக்குள் ஓட்டினால் ஒருவரே ஒரு வாரத்தில் நாலைந்து தடவை அதே விளம்பரத்தைப் பார்ப்பார். ஒருவர் சராசரியாக எத்தனை தடவை பார்த்தார் என்று காட்டும் 'ஃப்ரீக்வென்ஸி' 3ஐத் தாண்டி, கிளிக் விலையும் ஏறினால் படத்தை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

நடுவில் ஒரு பக்கம்

விளம்பரத்திலிருந்து நேராகக் கடைக்கு அனுப்பாமல், உங்கள் சொந்தப் பக்கத்துக்கு அனுப்புங்கள். வேர்ட்பிரஸில் ஒற்றைப் பக்கம் போதும். அங்கே பிக்சல் போடலாம். கடை லிங்க் உள்ள பொத்தானைத் தட்டுவதை ஒரு நிகழ்வாகப் பதியலாம். பிறகு நோக்கத்தை 'சேல்ஸ்' என்று வைத்து, அந்த நிகழ்வுக்கே விளம்பரத்தைத் திருப்பலாம். சும்மா தட்டிவிட்டு ஓடுபவர்களுக்குப் பதில், படித்துவிட்டுக் கடைக்குப் போகிறவர்களை மெட்டா தேடத் தொடங்கும்.

பக்கத்தில் என்ன எழுதுவது? கடையில் இல்லாததை. கிரைண்டரையே எடுத்துக்கொள்வோம். கடைப் பக்கத்தில் '2 லிட்டர்' என்று இருக்கும். நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரு தடவை ஆட்டினால் எத்தனை நாள் மாவு வரும் என்று இருக்காது. இந்தியாவிலிருந்து நேராக வரும் கருவியில் உருண்டைக் கால் பிளக் இருக்கும்; நம் வீட்டுச் சுவருக்கு மூன்று சதுரக் கால் வேண்டும். சிரிம் முத்திரை இருக்கிறதா, பெல்ட் அறுந்தால் மாற்று பெல்ட் இங்கே கிடைக்குமா, கல்லை ஒருவர் தனியாகத் தூக்கிக் கழுவ முடியுமா, அடுக்குமாடி வீட்டில் காலை 6 மணிக்கு ஓட்டினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்குமா? வாங்கப்போகிறவர் மனத்தில் ஓடும் கேள்விகள் இவைதான். முடிந்தால் ஒரு கருவியை இரவல் வாங்கியாவது ஆட்டிப் பார்த்து, மாவு எழும்பிய பாத்திரத்தை உங்கள் கைப்பேசியிலேயே படம் பிடியுங்கள். விற்பனையாளரின் படத்தை எடுத்துப் போட்டால் உங்கள் விளம்பரம் நூறோடு நூற்றொன்றாகிவிடும்.

அதே பக்கத்தில் வாட்ஸ்அப் சேனலுக்கும் ஒரு பொத்தான் வையுங்கள். இன்று வாங்காதவர் 11.11 விற்பனையன்று வாங்குவார். அன்று அவரிடம் போய்ச் சேர உங்களுக்குச் செலவில்லை. எண்களை வாங்கித் தனியாகச் செய்தி அனுப்புவதென்றால் முதலில் அவர்களின் சம்மதம் வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 இருக்கிறது. விளம்பரச் செலவு கடைசியில் கட்டுப்படியாவது பெரும்பாலும் இந்த இரண்டாவது, மூன்றாவது கொள்முதலில்தான்.

சோதனைக்கு 14 நாள், நாளுக்கு 20 ரிங்கிட். 280, வரியோடு 302 ரிங்கிட் 40 சென். ஒரே விளம்பரத் தொகுதி, அதற்குள் 2 அல்லது 3 விளம்பரம். தொகுதியைப் பிரித்தால் காசும் பிரியும். 7 நாளில் சுமார் 50 நிகழ்வு (இங்கே பொத்தான் தட்டுதல்) கிடைத்தால்தான், யாருக்குக் காட்டுவது என்று மெட்டா பழகும் கற்றல் கட்டம் முடியும். வாரத்துக்கு 140 ரிங்கிட் என்பதால், பொத்தான் தட்டுதல் ஒன்றுக்கு 2 ரிங்கிட் 80 சென்னுக்குள் இருந்தாக வேண்டும். முதல் நான்கைந்து நாள் ஆட்களையும் படத்தையும் மாற்றாதீர்கள். பெரிய மாற்றம் ஒவ்வொன்றும் கற்றலை முதலிலிருந்து தொடங்க வைக்கும்.

எப்போது நிறுத்துவது என்பதையும் இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போன 300 பேரில் ஒருவர்கூட வாங்கவில்லை என்றால் நிறுத்துங்கள். உண்மையில் 100க்கு ஒருவர் வாங்கும் பொருளாக இருந்தால் அப்படி நடப்பதற்கு 100இல் 5 வாய்ப்புதான் உண்டு. பொத்தானைத் தட்டுபவர் ஒருவருக்கு 1 ரிங்கிட் ஆகிறது என்றால், 28.80 கமிஷனுக்குத் தட்டிய 100 பேரில் 4 பேராவது வாங்க வேண்டும். 2 பேர்தான் என்றால் அந்தப் பொருளுக்கு விளம்பரம் வேண்டாம். சேனலில் மட்டும் போடுங்கள்.

தீபாவளியை ஒட்டி 10.10, 11.11 வாரங்களில் கிளிக் விலை ஏறும். விளம்பர இடம் ஏலத்தில் போவது. பெரிய விற்பனையாளர்கள் எல்லாரும் அப்போதுதான் இறங்குவார்கள். சோதனையை ஒன்றரை மாதம் முன்னதாக முடித்து, விற்பனை வாரத்தில் சேனலை நம்பி நில்லுங்கள்.

கையில் காசு குறைவு என்றால் டிக்டாக் ஷாப்பில் வேறு வழி இருக்கிறது. நீங்கள் வீடியோ போடுகிறீர்கள். அது ஓடினால் விற்பனையாளர் தன் காசில் அதை விளம்பரமாக்கலாம். அதற்கு நீங்கள் ஓர் அனுமதிக் குறியீடு தர வேண்டும். 7, 30, 60, 365 நாள் என்று காலம் வைக்கலாம். விளம்பரம் வழியாக வரும் ஆர்டருக்குத் தனிக் கமிஷன் விகிதம் இருக்கலாம், அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, 30 நாளுக்கு மட்டும் கொடுங்கள். உங்கள் நிலைமைக்கு முதலில் முயல வேண்டியது இதுதான் என்பது எங்கள் கருத்து.

தொடக் கூடாதவை

மெலிய வைக்கும் மாத்திரை, சர்க்கரைக்கு மருந்து என்று கமிஷன் கொழுத்த பொருள்கள் உங்களைத் தேடி வரும். மருந்துகள் விளம்பரம் மற்றும் விற்பனைச் சட்டம் 1956இன் கீழ், சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யவே கூடாது; மற்ற மருந்து விளம்பரங்களுக்கு மருந்து விளம்பர வாரியத்தின் அனுமதி வேண்டும். அனுமதி பெற்ற விளம்பரத்தில் கேகேஎல்ஐயூ எண் இருக்கும். எண் இல்லாததைப் பகிராதீர்கள், எவ்வளவு கொடுத்தாலும். "உங்களுக்குச் சர்க்கரை நோயா?" என்று பார்ப்பவரின் உடல்நிலையைச் சுட்டும் வாசகத்தை மெட்டாவும் நிராகரிக்கும். அடிக்கடி நிராகரிப்பு விழுந்தால் விளம்பரக் கணக்கே முடங்கும்.

சேருவதற்கு முன்பணம் கேட்பது அஃபிலியேட் திட்டமே அல்ல. டெலிகிராமில் 'லைக் போட்டால் கமிஷன்' என்று தொடங்கி டெபாசிட் கேட்பார்கள். பணம் போய்விட்டால் உடனே தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997ஐ அழையுங்கள்.

லிங்க் பக்கத்திலேயே "இதன் வழியாக வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும், உங்களுக்கு விலை மாறாது" என்று எழுதிவிடுங்கள். தமிழ்ச் சமூகம் சின்னது. பிறகு தெரியவந்தால் சேனலில் இருப்பவர்கள் போய்விடுவார்கள்.

கமிஷன் பணம், திரும்ப அனுப்பும் காலம் முடிந்து உறுதியான பிறகுதான் வரும். ஆனால் மெட்டா கார்டில் எடுப்பது உடனே. இடையில் ஒன்றிரண்டு மாதச் செலவைத் தாங்கும் காசு தனியாக இருக்கட்டும். கடன் அட்டை மீதியில் ஓட்டாதீர்கள். தொடர்ந்து செய்வதாக இருந்தால், தொடங்கிய 30 நாளுக்குள் வணிகங்களைப் பதிவு செய்யும் எஸ்எஸ்எம்மில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60. சம்பளத்தோடு வணிக வருமானமும் சேர்ந்துவிட்டால் வருமான வரிக்கு பிஇ படிவம் அல்ல, பி படிவம். கெடு ஜூன் 30. மெட்டாவின் பில் பக்கத்திலிருந்து ரசீதுகளை மாதாமாதம் இறக்கி வைத்து, 7 ஆண்டு பத்திரப்படுத்துங்கள். இந்த 648 ரிங்கிட் ரசீதையும் சேர்த்து.