ஒட்டிய அட்டை வெளிப்பக்கம் வளைந்தால்

கையால் செய்யும் நோட்டின் அட்டைமேல் கைக்காகிதம் (கையால் தயாரித்த காகிதம்) ஒட்டியதும் அட்டை வெளிப்பக்கம் வளைந்துவிட்டது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். அட்டையின் உள்பக்கத்திலும் ஒரு தாள் ஒட்டுங்கள், வளைவு பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். கண்காட்சியில் நீங்கள் வாங்கிய கைக்காகிதம் பசை ஈரத்தில் விரிந்து, காயும்போது சுருங்கி, அட்டையைத் தன் பக்கம் இழுக்கிறது. உள்ளேயும் தாள் இருந்தால் இழுப்பு சமனாகும்.

அட்டையின் இழை, அதாவது அதன் நார்கள், எந்தத் திசையில் ஓடுகிறது என்று அறிய, மீந்த அட்டைத் துண்டை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும்போது மடிப்பு எந்தத் திசையில் விழுமோ, இழையும் அதே திசையில்தான் ஓடும். அது நோட்டின் தையல் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். கைக்காகிதத்தில் இழைகள் எல்லாப் பக்கமும் கலந்து கிடக்கும், அதனால் சோதனை அட்டைக்கு மட்டும்தான்.

உள்பக்கத் தாளை ஒட்டிய அப்புறம், அட்டையை நன்றாகக் காயும்வரை கனமான புத்தகங்களுக்கு அடியில் வையுங்கள். மழைக்காலத்தில் அவசரப்படவே கூடாது.

அட்டையை இழைக்குக் குறுக்கே வெட்டியிருந்தால் முழுசாக நிமிராது. அடுத்த நோட்டுக்குத் திசை பார்த்து வெட்டுங்கள்.