வீடு திருத்தக் கேட்கும் காசு நியாயமா?

கேள்வி: கிளிநொச்சியில் உள்ள எங்கள் வீட்டில் மூன்று வருடம் வாடகைக்கு இருந்த குடும்பம் போன மாதம் எழும்பிவிட்டது. அடுத்த மாதம் ஓர் ஆசிரியை குடிவருகிறார். வீட்டைப் பார்த்த மேசன், பெயின்ற், சுவர்ப்பூச்சு, பைப் எல்லாம் சேர்த்து 185,000 ரூபா கேட்கிறார். கனடாவில் இருக்கும் அண்ணா, “உன்னை ஏமாற்றுகிறான். முழுக்காசையும் பழைய ஆட்களின் முற்பணத்தில் கழி” என்கிறார். என்ன செய்ய? – வாசகி, கிளிநொச்சி

பதில்: சகோதரி, அந்தத் தொகை கூடவா குறைவா என்று என்னாலும் சொல்ல முடியாது, கனடாவில் இருக்கும் அண்ணாவாலும் சொல்ல முடியாது. “எல்லாம் சேர்த்து” என்ற கணக்குக்குள் எதுவும் ஒளிந்திருக்கலாம். மேசனைக் குறை சொல்ல முன்னர், அறை அறையாக என்ன வேலை, எவ்வளவு சாமான், எத்தனை நாள் கூலி என்று ஒரு கொப்பித் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். நேர்மையான ஆள் முகம் சுளிக்காமல் எழுதுவார்.

பெயின்ற் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். 10க்கு 12 அடி அறை, சுவர் உயரம் 10 அடி என்றால் நாலு சுவரும் 440 சதுர அடி. கதவு, ஜன்னலைக் கழித்தால் ஏறக்குறைய 400. ஒரு லீற்றர் இமல்ஷன் ஒரு பூச்சுக்கு 100 முதல் 120 சதுர அடி வரை ஓடும். ஆக, இரண்டு பூச்சுக்கு ஏழெட்டு லீற்றர். அந்த ஓர் அறைக்கே 20 லீற்றர் வாளி எழுதியிருந்தால், மிச்சம் எந்தச் சுவருக்கு என்று கேளுங்கள். சாமானை ஹாட்வெயாரில் நீங்களே வாங்கிக் கொடுத்து, மேசனோடு கூலியை மட்டும் பேசுவது நல்லது. அயலில் அண்மையில் வீடு திருத்திய இரண்டு பேரிடம் மேசனுக்கும் கையாளுக்கும் நாளுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று விசாரியுங்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்கு முந்திய விலைகளை மனதில் வைத்துக்கொண்டு பேரம் பேசாதீர்கள், சரிவராது.

சுவர்ப்பூச்சில்தான் கவனம் வேண்டும். சுவரின் அடியில் உப்புப் பூத்து உதிர்கிறதென்றால் நிலத்து ஈரம் மேலே ஏறுகிறது. அதன்மேல் பெயின்ற் அடித்தால் மார்கழி மழைக்குத் திரும்பவும் உரியும், காசு வீண். கெட்ட பூச்சைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசினால், அது காய மூன்று நாலு கிழமையாவது வேண்டும். ஆசிரியை அடுத்த மாதமே வருகிறார் என்றால் அந்தச் சுவரை இப்போதைக்குப் பூச்சோடு விட்டு, பெயின்றைப் பிறகு அடித்துத் தருவதாக அவரிடம் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.

பைப் விஷயம் சின்னது. வன்னிக் கிணற்றுத் தண்ணீரில் பல இடங்களில் சுண்ணாம்பு கூட. பைப் வாயில் வெள்ளையாகப் படிந்து தண்ணீர் மெல்ல வந்தால் உடனே புதுசு வாங்காதீர்கள். நுனியிலுள்ள சல்லடையைக் கழற்றி இரவு முழுக்க வினாகிரியில் ஊறவிட்டுப் பாருங்கள்.

இனி முற்பணம். அண்ணா கோபித்தாலும் பரவாயில்லை, முழுக்காசையும் கழிப்பது அநியாயம். மூன்று வருடத்தில் பெயின்ற் மங்குவதும், பைப்பில் சுண்ணாம்பு படிவதும், சுவர் உப்புப் பூப்பதும் வீடு வைத்திருப்பவரின் செலவு. அதற்காகத்தானே மாதாமாதம் வாடகை வாங்கினீர்கள்? உடைந்த ஜன்னல் கண்ணாடி, வெடித்த சிங், தொலைந்த சாவிக்குப் பதிலாக மாற்றும் பூட்டு, இவற்றைக் கேட்கலாம். கேட்கும்போதும் பழைய பொருளுக்குப் புதுப் பொருளின் முழு விலை கேட்கக் கூடாது. எட்டு வருடம் பாவித்த பூட்டுக்கு ஒரு பங்கு போதும். நிலைக்கதவைக் கறையான் அரித்திருந்தால், அவர்கள் கண்டும் உங்களுக்குச் சொல்லாமல் விட்டார்களா என்று பாருங்கள். சொல்லியும் நீங்கள் வராமல் இருந்திருந்தால் அது உங்கள் தலையில்தான். வாசலில் மாபிள் போடலாம் என்று மேசன் ஆசை காட்டியிருந்தால் அதுவும் உங்கள் செலவே.

கழிக்கும் ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டும் படமும் வைத்து, பழைய ஆட்களை அழைத்து நேரில் காட்டுங்கள். ஒத்துவராவிட்டால், இப்படியான பிணக்குகளைப் பேசித் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபை இருக்கிறது, அங்கே சட்டத்தரணி பிடிக்கத் தேவையில்லை. முற்பணத்தின் மிச்சத்தைக் கொடுக்க முன்னர் கரண்ட் பில் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். மீற்றர் இலக்கத்தையும் அன்றே எழுதி இரு பகுதியும் கையொப்பம் வையுங்கள்.