ஐபுக் ஜி4-இல் இன்றைய பிரவுசர்: எதை எடுப்பது, எங்கே தொடங்குவது?

கேள்வி: என்னிடம் ஐபுக் ஜி4 இருக்கிறது. 1 ஜிபி ராம், மேக் ஓஎஸ் எக்ஸ் டைகர் 10.4.11, எக்ஸ்கோட் 2.5 (ஆப்பிளின் நிரலாக்கக் கருவித்தொகுப்பு). சஃபாரியில் பெரும்பாலான தளங்கள் திறப்பதில்லை. புதிய ஃபயர்ஃபாக்ஸின் மூலநிரலை இதற்குப் போர்ட் செய்ய, அதாவது இதில் ஓடும்படி மாற்ற, முடியுமா? விக்கிப்பீடியாவும் தமிழ்ச் செய்திகளும் படிக்க முடிந்தால் போதும்.

பதில்: ஃபயர்ஃபாக்ஸைத் தொடாதீர்கள். இன்றைய ஃபயர்ஃபாக்ஸை ரஸ்ட் என்ற நிரல்மொழி இல்லாமல் கம்பைல் செய்ய (மூலநிரலை ஓடும் நிரலாக மாற்ற) முடியாது; உங்கள் கணினிக்கு அது எளிதில் கிடைக்காது. அது படம் வரையப் பயன்படுத்தும் ஸ்கியா நூலகம் லிட்டில் எண்டியன் (எண்ணின் கடைசிப் பைட்டை முதலில் வைக்கும்) கணினிகளை நம்பி எழுதப்பட்டது. உங்கள் ஐபுக்கின் பவர்பிசி செயலியோ பிக் எண்டியன், வரிசை நேர்மாறு. குரோமியத்திலும் இதே சுவர். ஃபயர்ஃபாக்ஸ் 4-ஓடு மொசில்லா பவர்பிசியைக் கைவிட்டபின் டென்ஃபோர்ஃபாக்ஸ் என்ற கிளை உருவாகி, ஃபயர்ஃபாக்ஸ் 45-ஐ அடித்தளமாக வைத்து 2021 வரை வெளிவந்தது. அதற்காக பவர்பிசிக்கென்றே ஜாவாஸ்கிரிப்ட் ஜிட் கம்பைலர் (ஓடும்போதே நிரலை இயந்திரக் கட்டளையாக்குவது) எழுத வேண்டியிருந்தது. நீங்கள் கேட்கும் வேலைக்கு அவ்வளவு பெரிய தேர் தேவையில்லை.

நெட்சர்ஃபை எடுங்கள். 2002-இல் ரிஸ்க் ஓஎஸ்ஸுக்காகத் தொடங்கிய பிரவுசர் இது. பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டது. அமிகா, அட்டாரி வரை ஓடுகிறது. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் நூலகங்கள் அதன் சொந்தத் தயாரிப்பு. ஜாவாஸ்கிரிப்டுக்கு டக்டேப் என்ற சிறிய இன்ஜின் இருக்கிறது. அது இஎஸ்5 என்ற பழைய ஜாவாஸ்கிரிப்ட் தரத்தின் அளவில்தான் நிற்கும். ஆகவே யூடியூபோ வாட்ஸ்அப் வெப்போ வராது. கட்டுரைப் பக்கங்கள் வரும்.

எக்ஸ்கோட் 2.5-இல் வரும் ஜிசிசி 4.0.1 கம்பைலர் பழசு. மேக்போர்ட்ஸ் என்ற மென்பொருள் நிறுவும் கருவியைப் போட்டு ஜிசிசி 7, ஓபன்எஸ்எஸ்எல் (மறையாக்கம்), கர்ல் (பக்கம் இறக்க), ஃப்ரீடைப் (எழுத்துரு), எஸ்டிஎல் 1.2 (திரை), புதிய பைசன் (பகுப்பான் உருவாக்க) ஆகியவற்றை அதன் வழியே எடுங்கள். டைகரில் கெட்லைன், ஸ்ட்ரென்டப் போன்ற ஃபங்ஷன்களே கிடையாது. மேக்போர்ட்ஸின் லெகசி சப்போர்ட் நூலகத்தை இணைத்தால் அந்தப் பிழைகள் பெரும்பாலும் தீரும். ஓபன்எஸ்எஸ்எல்லை இணைக்கும்போது 8 பைட் அடாமிக் ஃபங்ஷன் (ஒரே மூச்சில் நினைவகத்தை மாற்றுவது) கிடைக்கவில்லை என்று லிங்கர் (துண்டுகளை ஒரே நிரலாக இணைக்கும் கருவி) முறையிட்டால், 32 பிட் பவர்பிசியில் அதற்கான கட்டளை இல்லை என்று பொருள். அந்த வேலையைச் செய்யும் லிப்அடாமிக் நூலகத்தையும் சேர்த்து லிங்க் செய்யுங்கள்.

பிரவுசரைக் கம்பைல் செய்வதற்கு முன், வெறும் கர்லால் ஒரு எச்டிடிபிஎஸ் தளத்தைத் திறந்து பாருங்கள். இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள் பிறகு எது எங்கே உடைந்தது என்று தெரியாமல் திணறுகிறார்கள். புரோட்டோகால் பிழை வந்தால், உங்கள் பைனரி டைகரோடு வந்த ஓபன்எஸ்எஸ்எல் 0.9.7-ஐப் பிடித்திருக்கக்கூடும், ஓடூல் கட்டளையால் எந்த நூலகம் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். சான்றிதழை வழங்கியவர் தெரியவில்லை என்றால் சிஏ பண்டில் (நம்பத்தக்க சான்றிதழ் வழங்குநர்களின் பட்டியல்) பழையது. பல தளங்களுக்குச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் நம்பியிருந்த டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 சான்றிதழ் 2021 செப்டம்பர் 30-இல் காலாவதியானது. ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 உள்ள புதிய பண்டில் வேண்டும். சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகும் நாள் வரவில்லை என்றால், குற்றம் நிரலில் இல்லை. கணினியின் தேதி பின்னுக்குப் போயிருக்கும்.

அடுத்து நெட்சர்ஃபின் மங்கி முகப்பை (பயனரோடு பேசும் பகுதி) கம்பைல் செய்யுங்கள். அதற்கு ஜன்னலே கிடையாது. கட்டளைகளை உரையாக வாங்கி, விளைவையும் உரையாகவே சொல்லும். பக்கத்தை இறக்குவதும் பகுப்பதும் அதில் சரியாக நடந்தால், மிச்சம் இருப்பது திரைச் சிக்கல் மட்டுமே. பிறகு, படப்புள்ளிகளை நேரே வரையும் ஃபிரேம்பஃபர் முகப்புக்கு எஸ்டிஎல் வழியாகப் போங்கள்.

பிக் எண்டியன் கோளாறு படங்களில்தான் முதலில் முகம் காட்டும். நீல வானம் மணல் நிறத்தில் தெரிந்தால் சிவப்பும் நீலமும் மட்டும் இடம் மாறியிருக்கின்றன. படம் முழுவதும் சிவப்பேறியிருந்தால் ஒவ்வொரு புள்ளியின் நான்கு பைட்டுகளும் தலைகீழ்: சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில், ஒளிபுகாப் படத்தில் 255 ஆக நிற்கும் ஆல்ஃபா (ஒளிபுகாமை அளவு) வந்து உட்கார்ந்திருக்கிறது. வரையும் ஒவ்வொரு இடத்திலும் ஒட்டுப் போடாதீர்கள். படத்தை டிகோட் செய்யும் ஒரே இடத்தில் வரிசையைச் சரிசெய்யுங்கள், அதுவே வேகமும்கூட.

இனி தமிழ். உங்கள் தேவைக்கு இதுதான் உண்மையான போர்ட்டிங் வேலை. ஃபிரேம்பஃபர் முகப்பு இயல்பாக ஒரு சிறிய பிட்மேப் எழுத்துருவைத்தான் வைத்திருக்கும். கட்டமைப்பில் அதை ஃப்ரீடைப்புக்கு மாற்றுங்கள். டெஜாவூ எழுத்துருவில் தமிழ் இல்லை என்பதால், தமிழ் யூனிகோட் எல்லையில் வரும் எழுத்துகளை நோட்டோ சான்ஸ் தமிழுக்குத் திருப்பிவிட வேண்டும். அப்போதும் "கெ" என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் விழும். "கொ" மூன்று துண்டாகச் சிதறும். காரணம், ஃப்ரீடைப் தனித்தனி வடிவங்களை மட்டுமே வரையும். அவற்றை முறைப்படி அடுக்குவது ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தின் வேலை. ஹார்ஃப்பஸ்ஸை எழுத்து வரையும் இடத்தில் மட்டும் நுழைத்தால் போதாது. ஒரு சொல்லின் அகலத்தை அளப்பது, சொடுக்கிய இடம் எந்த எழுத்து என்று கண்டுபிடிப்பது, வரியை எங்கே முறிப்பது என்று முடிவு செய்வது ஆகிய மூன்று ஃபங்ஷன்களும் தனியாக இருக்கின்றன. அந்த மூன்றும் அதே ஹார்ஃப்பஸ் கணக்கைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் எழுத்து அழகாகத் தெரியும், ஆனால் வரிகள் ஓரத்தைத் தாண்டி ஓடும். தேர்ந்தெடுத்த இடம் ஓரிடமும் நிறம் மாறும் இடம் வேறிடமுமாக இருக்கும்.